செங்கோட்டை ரயிலடி

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கு நோக்கி இறங்கி வரும்போது, பொதியமலைக்கு வடக்கே, தென்காசிக்கு மேற்கே, ஓரிடத்தில் தன் உயரத்தைச் சற்றே தாழ்த்திக்கொண்டு வழி விடுகிறது. ஆரியங்காவுக் கணவாய் என்று அதைச் சொல்வார்கள். ஆனி ஆடி மாதங்களில் மலையாளக் கரையில் பெய்து தீர்த்த தென்மேற்குப் பருவக் காற்று, மிச்சமிருக்கும் ஈரத்தைச் சுமந்துகொண்டு இந்த வழியாகத்தான் பாண்டி நாட்டுக்குள் நுழைகிறது. குற்றாலத்துச் சாரலும், தென்காசிக் கோபுர வாசலில் ஆளையே தள்ளுகிற காற்றும் அந்தக் கணவாய் அளித்த கொடை. காற்று கண்ட வழியை மனிதனும் வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டான். கிழக்கேயிருந்து நெல்லும் வற்றலும் புகையிலையும் ஏற்றிய பொதிமாடுகள் மேற்கே போயின. மேற்கேயிருந்து மிளகும் சுக்கும் பாக்கும் கிழக்கே வந்தன. ஆரியங்காவிலும் அச்சன்கோவிலிலும் கோயில்கொண்டிருக்கும் சாஸ்தாவைத் தரிசிக்கப் போகிற யாத்திரிகர்களும் இந்தக் காட்டு வழியே நடந்தார்கள். இவ்வழியின் கிழக்கு வாசலில், வயலும் குளமும் சூழ்ந்து, மலையடியில் அமைந்திருக்கும் ஊர் செங்கோட்டை. அவ்வூர் ரயிலடியின் சரித்திரத்தைச் சொல்லப் புகுந்தால், இரண்டு ராஜ்யங்களின் சரித்திரத்தையும் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

செங்கோட்டையார் பேசுவது தமிழ். அவர்கள் கொண்டு கொடுத்ததும், நிலம் வாங்கியதும் விற்றதும், பெரும்பாலும் திருநெல்வேலிச் சீமையோடுதான். ஆயினும் அவ்வூர் 1949 வரையில் திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆளுகையிலும், பிறகு 1956 வரையில் திருவிதாங்கூர் - கொச்சி ராஜ்யத்திலும் இருந்தது. தென்காசியிலிருந்து மேற்கே சில மைல் நடந்தால் ஆங்கிலேயர் ராஜ்யம் முடிந்து வஞ்சி ராஜ்யம் தொடங்கிவிடும். சமஸ்தானத்தின் சங்கு முத்திரை தாங்கிய வளைவு ஒன்று சாலையின் மேல் நின்று அதை அறிவித்துக்கொண்டிருந்தது. இப்பால் வெள்ளைக்கார ரூபாய்; அப்பால் சக்கரமும் பணமும் காசும். ஆங்கில ரூபாய் ஒன்றுக்கு இருபத்தெட்டரைச் சக்கரம் என்ற கணக்கைச் செங்கோட்டைக் கடைக்காரரின் பிள்ளைகள் வாய்ப்பாட்டோடு சேர்த்தே கற்றிருக்க வேண்டும். இப்பால் இந்திய சர்க்காரின் தபால். அப்பால், மணி கட்டிய கோலைக் கையில் பிடித்து ஓடுகிற ஓட்டக்காரர்கள் சுமந்த சமஸ்தானத்து அஞ்சல். சர்க்கார் கடிதங்களில் இப்பால் கிறிஸ்து ஆண்டு, அப்பால் கொல்லம் ஆண்டு. திருநெல்வேலி ஜில்லாவாசிகளும் வீட்டுக் கணக்கில் கொல்லம் ஆண்டையே வைத்திருந்தார்கள் என்பது வேறு விஷயம். இரு ராஜ்யங்களுக்கும் நடுவே இருந்த சுங்கங்களில் பெரும்பகுதி 1865இல் ஏற்பட்ட உடன்படிக்கையால் எடுபட்டுப் போயிற்றென்றாலும், புகையிலை, உப்பு முதலியவற்றின் மீது சமஸ்தானம் தன் பிடியை விடவில்லை. ஆதலால் காவலும் சோதனையும் நீடித்தன.

இத்தகைய எல்லையின் குறுக்கே ரயில் போட வேண்டும் என்ற எண்ணம் கொல்லத்திலிருந்து பிறந்தது. கொல்லம் பழைய துறைமுகம். திருவிதாங்கூரின் வியாபாரத் தலைநகர் என்று சொல்லத்தக்க ஊர். அதற்குக் கடலும் காயலும் இருந்தன. கிழக்கேயுள்ள சமவெளியோடு சேர்க்கிற தண்டவாளம் மட்டும் இல்லை. சமஸ்தானத்தின் வடகோடியில், ஷோரனூரிலிருந்து எர்ணாகுளத்துக்குச் சென்ற ரயில் 1902இல் ஆலுவாயைத் தொட்டுக்கொண்டு போயிற்று. ஆனால் கொல்லத்துக்காரருக்கும் திருவனந்தபுரத்துக்காரருக்கும் அது காயலில் நெடுநேரம் படகுப் பிரயாணம் செய்த பிறகு கிடைக்கக்கூடிய சௌகரியம். ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா ஆட்சியில், சமஸ்தானம் நிலமும் கொடுத்து, போட்ட முதலின் வட்டிக்கும் ஜவாப் சொல்ல, தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் திருநெல்வேலி - கொல்லம் பாதையைப் போட முன்வந்தார்கள்.

வேலை இரு முனைகளிலிருந்தும் நடந்தது. கிழக்கே, திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை 1902இல் ரயில் ஓடிற்று. மறு வருஷம், 1903இல், அது செங்கோட்டைக்கு வந்து சேர்ந்தது. மேற்கே, கொல்லத்திலிருந்து புனலூர் வரை 1904 ஜூன் மாதம் ரயில் ஓடத் தொடங்கியபோது, அந்தத் துண்டுப் பாதைக்கு வேறெந்தப் பாதையோடும் சம்பந்தம் இல்லை. எனவே அதற்கு வேண்டிய எஞ்சினைப் பகுதி பகுதியாகக் கழற்றிக் கடல் வழியாகவும் காயல் வழியாகவும் கொண்டுவந்து பூட்டியதாகக் கொல்லத்தார் பெருமையோடு சொல்வார்கள். நடுவே எஞ்சியிருந்தது மலை. செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். அது முடிந்து, 1904 நவம்பர் 26ஆம் தேதி இரு பக்கத்துத் தண்டவாளங்களும் ஒன்றாயின. ஓராண்டுக்கு மேலாக மலையைப் பார்த்தபடி கடைசி ஸ்டேஷனாக நின்றிருந்த செங்கோட்டை, அன்று முதல் வழியிடை ஸ்டேஷனாயிற்று. வழியிடை என்றால் சாமானியமான வழியிடை அன்று. மலை ஏறப் போகிற வண்டிகள் மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம்.

அந்த ஐம்பது கிலோமீட்டரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வதில் தவறில்லை. செங்கோட்டையை விட்டுப் புறப்பட்டதும், வயல்களின் ஊடே சிறிது தூரம் அவசரமில்லாமல் செல்லும் பாதை, பகவதிபுரம் வந்தவுடன் மலையோடு பேச்சுவார்த்தையை ஆரம்பித்துவிடுகிறது. பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் இடையே, ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே குறைந்த நீளமுள்ள சுரங்கம். அதற்குள் புகும்போது பின்னால் இருப்பது காற்றடித்து உலர்ந்த பாண்டி நாட்டு வெயில், வெளியே வரும்போது எதிரே இருப்பது தண்ணீர் சொட்டும் மலையாளத்துப் பச்சை. பிறகு கழுதுருட்டி, தென்மலை, ஒற்றைக்கல், இடமண் என்று இறங்கி இறங்கிப் புனலூரை அடைய வேண்டும். கழுதுருட்டிக்கு அருகே, ஆற்றோரமாக, சாலைக்கு மேலே கருங்கல்லில் பதின்மூன்று வளைவுகளைக் கட்டி அவற்றின் மேல் பாதையைக் கொண்டுபோயிருக்கிறார்கள். பதிமூன்று கண் பாலம் என்று அதற்குப் பெயர். இன்று அதன் கீழே மோட்டாரை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளாமல் போகிறவர்கள் அபூர்வம். பாலம் அழகாயிருக்க வேண்டும் என்று அதைக் கட்டிய இஞ்சினீயர் நினைத்திருப்பாரா என்பது சந்தேகம். ஆழமான சரிவைக் கடக்க வேண்டும், சரக்கோ அருகிலுள்ள மலைக்கல், சுமக்க வேண்டியதோ நீராவி எஞ்சின் என்ற மூன்று நிர்ப்பந்தங்களும் கூடியபோது அழகு தானே வந்து அமைந்தது என்பது என் அபிப்பிராயம்.

இந்த ஏற்றத்தை ஓர் எஞ்சின் தனியே ஏற முடியாது. முன்னால் ஓர் எஞ்சின் இழுக்க, பின்னால் ஓர் எஞ்சின் தள்ள, இரண்டுக்கும் நடுவே வண்டிகள் நசுங்காமலும் இழுபடாமலும் போக வேண்டும். முன்னால் இருக்கும் டிரைவருக்குப் பின்னால் இருப்பவரைக் கண்ணால் பார்க்க வழியில்லை. வளைவும் காடும் மறைக்கும். ஆகவே விசிலே பாஷை. முன் எஞ்சின் ஊதும். பின் எஞ்சின் பதில் ஊதும். அதன் பிறகே இரண்டும் ஒருசேர நீராவியைத் திறக்கும். இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் செங்கோட்டைதான் தளம். அங்கே எஞ்சின் கொட்டகை இருந்தது. டிரைவர்களும் பயர்மேன்களும் குடும்பத்தோடு குடியிருந்தார்கள். வண்டி வந்து நின்றதும் பின்பக்கத்தில் தள்ளு எஞ்சினைக் கொண்டுவந்து மோதாமல் மோதி மாட்டுவார்கள். எஞ்சின் தண்ணீர் குடிக்கும். கரி அள்ளிப் போடுகிறவனுக்கு உடம்பெல்லாம் வியர்வை. பிரயாணிகளோ பிளாட்பாரத்தில் இறங்கி இட்டிலியும் காபியும் சாப்பிட அவகாசம் கிடைத்ததே என்று சந்தோஷப்படுவார்கள். ரயில்வேயின் கஷ்டம் ஒன்று ஊர்க் கடைக்காரர்களுக்கு ஜீவனோபாயமாவது உலக வழக்கந்தானே. பின்னாளில் டீசல் எஞ்சின் வந்தது, பாதையும் அகலமாயிற்று. ஆயினும் செங்கோட்டையில் பின் எஞ்சின் மாட்டுகிற வழக்கம் மட்டும் போகவில்லை. மலை தன் நிபந்தனைகளைத் தளர்த்திக்கொள்ளவில்லை.

இனி, இந்த ஸ்டேஷன் சிறந்து விளங்கிய காலத்தைச் சொல்ல வேண்டும். கொல்லத்தோடு நின்றிருந்த தண்டவாளம் 1918இல் திருவனந்தபுரத்தின் வெளிப்புறம் வரையிலும், 1931இல் நகரத்தின் நடுவே தம்பானூர் வரையிலும் நீண்டது. அப்போது வடக்கே எர்ணாகுளத்துக்கு ரயில் இல்லை; தெற்கே நாகர்கோயிலுக்கும் இல்லை. ஒரு பெரிய சமஸ்தானத்தின் ராஜதானி, வெளியுலகத்தோடு ரயிலால் பேச வேண்டுமானால், செங்கோட்டை வழியாகத்தான் பேச வேண்டும். திவான்களும், சென்னை ஹைகோர்ட்டுக்குப் போன வக்கீல்களும், கலாசாலை மாணவர்களும், காசிக்குப் புறப்பட்ட வைதிகர்களும், கூத்து மேடைக்கு வேண்டிய படுதாக்களையும் பெட்டிகளையும் கூட்ஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்ற நாடகக் கம்பெனியாரும் இப்பிளாட்பாரத்தைக் கடந்தார்கள். நாடகம் என்றதும் இவ்வூரார் எஸ். ஜி. கிட்டப்பாவின் பேரைச் சொல்லாமல் விட மாட்டார்கள். பேரின் முதலெழுத்திலேயே செங்கோட்டையைச் சுமந்திருந்த அந்த மகா பாடகர், ரயில் மலை தாண்டிய இரண்டாம் வருஷம், 1906இல் பிறந்தவர். 1933இல், இருபத்தேழே வயதில், மறைந்தார்.

இன்னொருவர் இருக்கிறார், அவருடைய கதையில் இந்தப் பாதைக்கு ஒரு பங்கு உண்டு. வாஞ்சிநாதன் பிறந்தது செங்கோட்டையில். உத்தியோகம் புனலூரில், சமஸ்தானத்தின் வன இலாகாவில். அதாவது மலைப் பாதையின் இரு முனைகளே அவருடைய வாழ்க்கையின் இரு முனைகளாகவும் இருந்தன. 1911 ஜூன் 17ஆம் தேதி, திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் தம் மனைவியுடன் கொடைக்கானலுக்குப் புறப்பட்டு, மணியாச்சி ஜங்ஷனில் தூத்துக்குடியிலிருந்து வரும் மெயிலுக்காக வண்டியில் காத்திருக்கையில், வாஞ்சி அவரைச் சுட்டுத் தாமும் சுட்டுக்கொண்டு இறந்தார். அதைக் குறித்துப் புத்தகங்கள் பல இருக்கின்றன. அவர் பேரால் மணியாச்சி இன்று வாஞ்சி மணியாச்சி ஆகியிருக்கிறது. நான் இங்கே குறிப்பிட விரும்புவது ஒன்றுதான். திருவிதாங்கூர்ப் பிரஜை ஒருவர், ஆங்கிலேயர் ஜில்லாவின் அரசியலில் மூழ்கி, புதுச்சேரியில் இருந்த தேசபக்தர்களோடும் தொடர்பு கொள்ளும்படியாக அந்நாளில் தூரங்கள் குறுகிப் போயிருந்தன. கம்பெனியார் வியாபாரத்துக்காகப் போட்ட தண்டவாளம் எந்தெந்தச் சரக்கைச் சுமக்கும் என்பதை அவர்கள் தீர்மானிக்க முடியவில்லை.

செங்கோட்டையிலிருந்து கிழக்கே போகும் பாதை தாமிரவருணிக் கரையோடு உறவாடிக்கொண்டு போவது. பாவூர்சத்திரம், கீழக்கடையம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று ஸ்டேஷன் பேர்களைச் சொல்லிக்கொண்டே போனால், அப்பளமும் நெல்லும் சங்கீதமும் சேர்ந்து மணக்கிற மாதிரி இருக்கும். சிறையிலிருந்து 1918இல் விடுதலையான பாரதியார், மனைவியின் ஊராகிய கடையத்தில் வந்து 1920 வரையில் தங்கியிருந்ததும் இப்பாதையின் ஓரத்தில்தான். ஆனால் சென்னைக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பாதை சுற்று வழி. திருநெல்வேலி போய், மணியாச்சி போய், அப்புறமே மதுரையை நினைக்க வேண்டும். 1927இல் விருதுநகரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோயில், கடையநல்லூர் வழியாகத் தென்காசிக்குப் புதிய பாதை திறந்ததும் அந்தக் குறை தீர்ந்தது. சென்னை எழும்பூரிலிருந்து இவ்வழியே வந்து மலையேறிய கொல்லம் மெயில், மூன்று தலைமுறைகளுக்குக் கடிகாரமாக இருந்தது. குற்றாலச் சீசனில் அதன் கூட்டத்தைச் சொல்லி முடியாது. தென்காசியில் இறங்கிக் குதிரை வண்டி பிடித்து அருவிக்குப் போனவர்களில் ராஜாஜியும் கல்கியும் உண்டு. குற்றாலத்தில் ரசிகமணி டி. கே. சி. வீட்டு விருந்தை நாடி வந்த இலக்கியக் கூட்டத்தை அவர் 1954இல் காலமாகும் வரையில் இந்த ரயில்தான் கொண்டு சேர்த்தது.

சரக்குப் போக்குவரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொதிமாட்டின் முதுகில் இருந்தவை கூட்ஸ் வண்டிக்கு மாறின என்றால் போதும். அரிசியும் வைக்கோலும் காய்கறியும் மேற்கே, மரமும் தேயிலையும் ரப்பரும் கிழக்கே. மலைத் தோட்டங்களில் வேலை செய்ய இப்பக்கத்து ஏழைகள் குடும்பத்தோடு ஏறிப் போனார்கள். இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காகப் புனலூர் வட்டாரத்தில் பின்னாளில் ரப்பர்த் தோட்டங்கள் வைத்துக் குடியமர்த்தியபோது, செங்கோட்டைக்கு மேற்கே தமிழ் பேசும் ஜனங்கள் இன்னும் கொஞ்சம் பெருகினார்கள். இவை எல்லாவற்றையும்விட எனக்கு விசேஷமாகத் தோன்றுவது ஆரியங்காவுக் கல்யாணம். அங்கே ஐயனுக்கும் புஷ்கலா தேவிக்கும் ஆண்டுதோறும் மார்கழியில் திருக்கல்யாணம் நடக்கும். தேவி சௌராஷ்டிரர் குலத்துப் பெண் என்பது ஐதீகம். ஆதலால் மதுரையிலிருந்து சௌராஷ்டிர சமூகத்தார் பெண் வீட்டாராகச் சீர்வரிசையோடு மலையேறுவார்கள். கோயிலார் அவர்களைச் சம்பந்திகளாக எதிர்கொண்டு உபசரிப்பார்கள். மலையாளத்துச் சாஸ்தாவுக்கு மதுரையில் மாமனார் வீடு! ராஜ்யங்களின் எல்லையை ஸ்தாபிக்கிறவர்கள் இத்தகைய சம்பந்தங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வதாகத் தெரியவில்லை.

1956 நவம்பர் 1ஆம் தேதி, மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி ஜில்லாவாகச் சென்னை ராஜ்யத்தில் சேர, செங்கோட்டைத் தாலுகாவின் கீழ்ப் பாகம் திருநெல்வேலி ஜில்லாவோடு சேர்ந்தது. மேற்கே ஆரியங்காவுப் பகுதி கேரளத்தில் தங்கிவிட்டது. எல்லை, ஊருக்குக் கிழக்கேயிருந்து எழுந்து மேற்கே மலைக்குப் போயிற்று. செங்கோட்டை ஸ்டேஷனின் செல்வாக்கு அத்துடன் குறைந்தது என்று சொல்லுகிறவர்கள் உண்டு. ஒரு சமஸ்தானத்தின் வாசலாக இருந்தது மாநிலத்தின் ஒரு மூலையாகிவிட்டதல்லவா என்பது அவர்கள் வாதம். எனக்கு அது சரியாகப் படவில்லை. எல்லை மாறினதால் ஒரு பிரயாணியாவது வேறு வழியில் போனதாகச் சொல்ல முடியாது. ஸ்டேஷனின் ஸ்தானத்தை அசைத்தது, அதே காலத்தில், செங்கோட்டைக்கு வெகு தூரத்தில், அரசியல் ஆரவாரம் இல்லாமல் நடந்த ஒரு காரியம். எர்ணாகுளத்திலிருந்து கோட்டயத்துக்கு 1956இலும், கோட்டயத்திலிருந்து கொல்லத்துக்கு 1958இலும் ரயில் பாதை திறந்தது. திருவனந்தபுரத்தார் வடக்கே போக இரண்டாவது வாசல் கிடைத்தது. அது மீட்டர் கேஜ் பாதையானதால் அப்போதும் எர்ணாகுளத்தில் வண்டி மாற வேண்டியிருந்தது. 1976இல் அந்தப் பாதை முழுதும் அகலப் பாதையாகிவிட்டதும் அத்தடையும் நீங்கிற்று. அதன்பின் சென்னைக்குப் போகிற திருவனந்தபுரத்துக்காரர், மீட்டர் கேஜ் வண்டியில் குலுங்கிக்கொண்டு மலையேற வேண்டிய அவசியம் என்ன? தெற்கே 1979இல் நாகர்கோயிலுக்கும் கன்னியாகுமரிக்கும் பாதை வந்தது. நாகர்கோயில் - திருநெல்வேலிப் பாதையும் தொடர்ந்து வந்து மூன்றாவது வாசலாயிற்று. செங்கோட்டையில் ஒரு செங்கல்லும் பெயரவில்லை, ஒரு வண்டியும் தடம் புரளவில்லை. ஆனால் ராஜபாட்டை கிளைப்பாதை ஆகிவிட்டது.

ஆயினும் அந்தக் கிளைப்பாதையும் நின்ற பிறகே அதன் அருமை தெரிந்தது. விருதுநகர்ப் பக்கம் அகலப் பாதை 2004இல் செங்கோட்டை வரையில் வந்து, பொதிகை எக்ஸ்பிரஸ் என்ற பேரில் சென்னைக்கு நேர் வண்டியும் கிடைத்தது. மலைப் பகுதியில் மட்டும் மீட்டர் கேஜ் ரயில் பழைய பெட்டிகளோடு சில ஆண்டுகள் ஓடிற்று. 2010 செப்டம்பரில் அதையும் நிறுத்திவிட்டு மாற்றும் வேலையை ஆரம்பித்தார்கள். கடைசி ரயிலில் ஏறக் கூட்டம் அலைமோதியது. வேலை ஓரிரு வருஷத்தில் முடியும் என்று நம்பியவர்கள் உண்டு. பாலங்களுக்கு வலுவூட்டி, சுரங்கங்களை அகட்டி, மண் சரிவுகளைச் சமாளித்துக் காரியம் முடிய 2018 ஆயிற்று. இந்த எட்டு வருஷமும் தென்காசிக்கும் புனலூருக்கும் இடையே போக விரும்பிய கூலிக்காரரும் மாணவரும் நோயாளியும் பஸ்ஸையே நம்பினார்கள். வசதியுள்ளவர்கள் எழுதிய விண்ணப்பங்களைவிட, பஸ் கட்டணம் கொடுக்க முடியாதவர்களின் முணுமுணுப்புத்தான் அப்பாதையின் அவசியத்தை உள்ளபடி சொல்லிற்று. இப்போது சென்னையிலிருந்து கொல்லத்துக்கு மறுபடியும் இவ்வழியே வண்டி போகிறது. ஆரியங்காவுக்கு அருகேயுள்ள அருவியின் பேரைத் தாங்கிய பாலருவி எக்ஸ்பிரஸ், பாலக்காட்டுக்கும் நெல்லைச் சீமைக்கும் உறவு கொண்டாடுகிறது.

செங்கோட்டைக்குக் கிழக்கே, பிரானூரில், பழைய எல்லை இருந்த இடத்தை ஜனங்கள் இன்றும் பார்டர் என்றே சொல்கிறார்கள். மேற்கு மலை மரத்தை அறுக்கும் வாள்பட்டறைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. பார்டர் பரோட்டாவும் கோழிக் கறியும் சாப்பிடக் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அங்கே வந்து மொய்க்கிறார்கள். மெய்யான எல்லை இப்போது புளியரைக்கு மேலே, மலை மீது இருக்கிறது. வாகனங்களை நிறுத்திச் சோதிப்பதும் புளியரையில்தான். ரயில் பிரயாணிக்கு அந்தச் சோதனையும் இல்லை. பகவதிபுரம் தாண்டிச் சுரங்கத்துக்குள் போய் வெளியே வந்தால், டீ விற்கிறவரின் குரல் தமிழிலிருந்து மலையாளத்துக்கு மாறியிருக்கும், அவ்வளவே.